சயனைடு மேட்டுக்கு ஒரு பூங்கா

மாரிகுப்பத்துக்காரர்கள் பச்சையைப் பார்க்க பெங்களூர் லால்பாகுக்கு ரயிலேறுகிறார்கள். தங்கவயல் மண்ணிலேயே ஒரு தாவரத் தோட்டம் வர முடியாதா? ஜோத்பூரின் கல்லுடைப்பவர்களும் இங்கிலாந்தின் கார்ன்வாலும் அதற்கு பதில் வைத்திருக்கிறார்கள்.

மாரிகுப்பம் ரயில் நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. பங்காருப்பேட்டையில் பிரிந்து, பெமல் நகர், கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று 16 கிலோமீட்டர் ஓடிவரும் கிளைப்பாதைக்கு இதுதான் கடைசி நிறுத்தம். 1894-ல் இந்தப் பாதையைப் போட்டவர்கள் ஊருக்காகப் போடவில்லை, தங்கத்துக்காகப் போட்டார்கள். இன்று தங்கம் போவதில்லை, ஆட்கள்தான் போகிறார்கள். விடிவதற்கு முன்பே சாப்பாட்டு டப்பாவோடு பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்த ரயில்தான் பிழைப்பு.

ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணிலிருந்து தப்ப முடியாத காட்சி ஒன்று உண்டு. சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில், தட்டையான உச்சியோடு எழுந்து நிற்கும் மேடுகள். தூரத்துப் பார்வைக்கு குன்றுகள். கிட்டே போனால் அத்தனையும் மாவுபோல அரைத்த கல். மழை அறுத்த வடுக்கள் பக்கவாட்டில் வரிவரியாக இறங்குகின்றன. ஊர்க்காரர்கள் இவற்றை சயனைடு மேடு என்கிறார்கள். சினிமாக்காரர்களுக்கோ இது செலவில்லாத பாலைவனம்.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்து இறங்கியதிலிருந்து, 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதுவரை, இந்த மண்ணிலிருந்து சுமார் 800 டன் தங்கம் வெளியே போனது. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் ஊறவைத்து, தங்கத்தை மட்டும் பிரித்தெடுத்த பிறகு எஞ்சிய தூள் இங்கேயே தங்கிவிட்டது. 13 மேடுகள், ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர், 3.3 கோடி டன். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு சவரன் தங்கத்துக்கு மூன்றேகால் குவிண்டால் தூள். சவரன் யார் யார் கழுத்துக்கோ போனது. தூள் மட்டும் காற்றடிக்கும் மாதங்களில் மாரிகுப்பத்து சோற்றுப்பானைவரை வருகிறது.

ஒரு நாள் பச்சை

தங்கவயலில் தோட்டமே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களைச் சுற்றிப் பூச்செடிகளும் புல்தரையும் இருந்தன. கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. வட ஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து வந்து மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கிய தமிழ்த் தொழிலாளிகளுக்கோ லைன் வீடுகள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். தோட்டம் என்றால் வேலிக்கு அப்பாலிருந்து பார்ப்பது என்று பழகிப்போன ஊர் இது.

ஆகவே மாரிகுப்பத்துக் குடும்பம் ஒன்று மரஞ்செடி பார்க்க வேண்டும் என்று நினைத்தால், சுமார் 85 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லால்பாகுக்குத்தான் போக வேண்டும். பெங்களூர் ரயில் நிலையத்தில் இறங்கி, எதிரே மெஜஸ்டிக்கில் பச்சை நிற மெட்ரோவைப் பிடித்தால் நான்காவது நிறுத்தம். காலை 6 மணி முதல் மாலை 7 மணிவரை திறந்திருக்கும் 240 ஏக்கர்.

1760-ல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம் அது. ஹைதர் காலத்தில் அங்கே மண்ணைக் கொத்தியவர்கள் திகளர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. தோட்டக்கலையில் பேர்போன சமூகம். திகளர் என்ற சொல்லுக்கே பழைய கன்னடத்தில் தமிழர் என்ற பொருள் உண்டு. 1856-ல் அரசுத் தாவரத் தோட்டமாகி, 1889-ல் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1874 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரன் உலகெங்கிலும் இருந்து செடிகளைத் தருவித்தார். சௌசௌவை நம் வீட்டுப் பெண்கள் பெங்களூர் கத்தரிக்காய் என்று சொல்வதற்குக் காரணம் அவர்தான். மெக்சிகோ பக்கத்துக் கொடி லால்பாகில் வேர்விட்டுத்தான் தென்னிந்தியச் சாம்பாருக்கு வந்தது.

பெரும்பாலான கூட்டம் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சிக்கு வருகிறது. ஆனால் தங்கவயல்காரர் ஒருவர் லால்பாகில் தவறவிடக் கூடாதவை வேறு. சுவர்போல விரிந்த அடிமரத்தோடு நிற்கும் கிழட்டு இலவ மரம் ஒன்று. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் கல்லாகிப்போன மரம் இன்னொன்று. அதன் வயது 2 கோடி ஆண்டு. மூன்றாவது, கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை.

அந்தப் பாறையைத்தான் நின்று பார்க்க வேண்டும். சுமார் 300 கோடி ஆண்டு வயதுடையது என்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பலகை நட்டு, தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. கறுப்பும் வெளுப்புமாக வரியோடிய நைஸ் பாறை. கோலாரில் தங்கம் இருந்த பாறைப் பட்டையும் இந்த வகைப் பாறைக்கு நடுவே வடக்கு தெற்காக ஓடுவதுதான். வயது சுமார் 270 கோடி ஆண்டு. ஒரே வீட்டின் அண்ணன் தம்பி மாதிரி. அண்ணனுக்குப் பலகையும் வேலியும் காவலும் கிடைத்தன. தம்பியைக் குடைந்து, அரைத்து, மலையாகக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

கல்லைத் தட்டிக் கேட்டவர்கள்

லால்பாக் மாதிரி ஒன்றை மாரிகுப்பத்தில் வைக்க முடியுமா? முடியாது, வைக்க நினைப்பதும் வீண். லால்பாக் ஏரிக்கரை மண்ணில், ராஜாக்கள் காசில், பல தேசத்துச் செடிகளைச் சேர்த்த இடம். தங்கவயலில் ஆண்டு மழையே 70 சென்டிமீட்டர் சொச்சம்தான். இங்கே ரோஜாப் பாத்தி போட்டால் இரண்டாவது கோடையில் கருகிவிடும்.

பொருத்தமான பாடம் ராஜஸ்தானில் இருக்கிறது. ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையடியில் சுமார் 70 ஹெக்டேர் எரிமலைப் பாறை பல காலம் வீணாகக் கிடந்தது. அதன் மேல் சீமைக் கருவேலம் ஆட்சி செய்தது. 2006-ல் கோட்டை அறக்கட்டளை, மரங்களைப் பற்றி எழுதிவந்த பிரதீப் கிருஷனிடம் அந்த நிலத்தை ஒப்படைத்தது. வெளியூர்ச் செடி எதுவும் வேண்டாம், தார் பாலைவனத்துப் பாறைகளில் தானாக வளர்பவை மட்டும் போதும் என்று அவர் தீர்மானித்தார்.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் தழைத்துவிடும். வேரோடு எடுக்க வேண்டும். வேரோ கெட்டிப் பாறையின் இடுக்கில். வெடிவைத்தால் கோட்டைக்கு ஆபத்து. அப்போது கைகொடுத்தவர்கள் கண்ட்வாலியாக்கள். தலைமுறை தலைமுறையாக மணற்கல் வெட்டும் சமூகம். சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையை வைத்தே எங்கே உடையும், எங்கே உடையாது என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் உளியால் குடைந்து வேரை எடுத்தார்கள். எடுத்த குழியிலேயே பாலைவனத்துச் செடிகளை நட்டார்கள். 2011-ல் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று வெவ்வேறு நிற அடையாளங்கள் இட்ட நடைபாதைகளில் போகிறவர்கள் கள்ளியையும் முட்புதரையும் பாறைப் புல்லையும் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள்.

தங்கவயலில் இதைப் படிப்பவருக்கு மெலிதாகச் சிரிப்பு வரலாம். கல்லைத் தட்டி ஓசை கேட்பது இந்த ஊருக்குப் புதிதா? சுரங்கத்தில் இறங்குகிறவன் முதலில் கற்றுக்கொள்வதே அதுதான். தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் கெட்டி. பொத்தென்றால் ஒதுங்கிவிட வேண்டும். அந்தக் காது உள்ளவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

கார்ன்வால் உறவு

இரண்டாவது பாடம் தூரத்திலிருந்து வருகிறது, ஆனால் தங்கவயலுக்குச் சொந்தக்கார ஊரிலிருந்து. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால், வெள்ளீயமும் செம்பும் வெட்டியெடுத்த சுரங்க நாடு. அங்கே தொழில் நொடித்தபோது, சுரங்கக்காரர்கள் உலகெங்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் மேஸ்திரிகளாகவும் மேற்பார்வையாளர்களாகவும் கோலாருக்கு வந்தார்கள். தமிழ்த் தொழிலாளியும் கார்ன்வால்காரரும் ஒரே கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்கிய காலம் அது.

அதே கார்ன்வாலில், செயின்ட் ஆஸ்டல் ஊருக்கு அருகே, 160 ஆண்டுகள் பீங்கான் களிமண் வெட்டி ஓய்ந்த பள்ளம் ஒன்று இருந்தது. பெரிய குழி, அடியில் தண்ணீர், மண் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதில்தான் ஈடன் பூங்காவைக் கட்டினார்கள். குமிழ் குமிழாகப் பிரம்மாண்டக் கூடாரங்கள். ஒன்றுக்குள் மழைக்காடு, இன்னொன்றுக்குள் மத்தியதரைக் கடல் நாட்டுச் செடிகள், வெளியே கார்ன்வாலின் சொந்தத் தாவரங்கள். செடிக்கு மண் வேண்டுமே? சுரங்கம் கழித்துப்போட்ட மணலையும் மக்கிய தாவரக் கழிவையும் கலந்து, 85,000 டன் மண்ணை அவர்களே தயாரித்தார்கள்.

ஈடன் திறக்கப்பட்ட நாள் 2001 மார்ச் 17. தங்கவயல் மூடப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரே தொழிலில் பிறந்த இரண்டு ஊர்கள். ஒன்று குழியைத் தோட்டமாக்கி வாசலைத் திறந்த மாதத்துக்கு முந்தைய மாதத்தில்தான், இன்னொன்று வாசலைப் பூட்டிச் சாவியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது.

மேட்டின் மேல் என்ன முளைக்கும்?

ஆசைப்படுவது எளிது. சயனைடு மேட்டில் நாளைக்கே மரக்கன்று நடு விழா நடத்திப் படம் பிடித்துக்கொள்வது அதைவிட எளிது. ஆனால் களிமண் பள்ளமும் தங்கச் சுரங்கத் தூளும் ஒன்றல்ல.

சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடும். பெயரைப் பார்த்து மிரள வேண்டியதைவிட, பெயரில் இல்லாதவற்றைப் பார்த்துத்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முதலாவது, நுண்ணிய சிலிகா தூசி. அது நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ். சுரங்கத்துக்குள் அப்பா சுவாசித்ததை மேட்டோரம் பேரன் சுவாசிக்கக் கூடாது. இரண்டாவது, பாறையோடு வெளிவந்த கந்தகச் சேர்மங்களும் கன உலோகங்களும். மழைநீர் இவற்றைக் கரைத்துக் கிணற்றுக்கும் ஏரிக்கும் கொண்டுபோகும். மூன்றாவது, அந்தத் தூளில் மக்கு இல்லை, தழைச்சத்து இல்லை, தண்ணீரைப் பிடித்துவைக்கும் தன்மையும் இல்லை. வேர் பிடிக்க ஒன்றுமே இல்லை.

உலகெங்கும் இப்படிப்பட்ட மேடுகளைக் கையாண்டவர்கள் கண்ட வழி ஒரே வரிசையில் போகிறது. முதலில் சரிவைக் குறைத்து, மழைநீர் அறுக்காதபடி படிப்படியாக வெட்ட வேண்டும். பிறகு வெளியிலிருந்து நல்ல மண்ணும் எருவும் கொண்டுவந்து மூட வேண்டும். அதன்மேல் முதலில் வருவது மரம் அல்ல, புல். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கச் சுரங்கக் கழிவைக் கட்டிப்பிடிக்க நம் ஊர் வெட்டிவேரைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். புல்லோடு தழைச்சத்து சேர்க்கும் அவரை இனச் செடிகள். அடுத்தது புதர். கடைசியாகத்தான் மரம்.

எந்தப் புதர், எந்த மரம் என்று வெளிநாட்டு நிபுணரைக் கேட்க வேண்டியதில்லை. கோலார் மாவட்டத்துக் கரடுகளில் ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் போதும். ஆவாரை, விராலி, களா, சூரை, உசிலை, வேலம், வேம்பு, புங்கன். குறைந்த தண்ணீரில், கல்லிடுக்கில் வளர்ந்தே பழகியவை. ஒரே ஒரு கட்டுப்பாடு: தூளின் மேலும் அதன் ஓரத்திலும் தின்னக்கூடிய பழமரம் எதுவும் கூடாது. கன உலோகம் வேர்வழியே ஏறலாம். குழந்தைகள் கைநீட்டிப் பறிக்கும் என்பதால் களாவும் சூரையும்கூட நல்ல மண்ணுள்ள பகுதிக்குத்தான். நடைபாதையும் அப்படியே. மேடுகளை வேலிக்குள் வைத்துப் புல் போர்த்திக் காக்க வேண்டும். மனிதர்கள் நடக்கும் பாதை, சுரங்கம் தொடாத கரட்டு நிலத்திலும் சோதித்துப் பார்த்த பழைய சுரங்க வளாகங்களிலும் போக வேண்டும்.

அந்தப் பாதையில் பார்க்க விஷயம் இல்லாமல் இல்லை. ஒரு பக்கம் கரட்டுக் காடு, அதற்குரிய பறவைகள், பட்டாம்பூச்சிகள். இன்னொரு பக்கம் துருப்பிடித்து நிற்கும் இரும்புக் கோபுரங்கள். 1902-ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் இது. பூமிக்கடியில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 1965-ல் நியூட்ரினோ துகளைப் பதிவுசெய்த ஊரும் இதுதான். செடிக்கு ஒரு பலகை, பாறைக்கு ஒரு பலகை, இறங்கி மேலே வராமல் போனவர்களுக்கு ஒரு பலகை என்று வைத்தால், லால்பாகிலும் காணக் கிடைக்காத தோட்டமாகிவிடும்.

யார் செய்வது?

அரசால் முடியாது என்ற சமாதானம் செல்லாது. சென்னை அடையாறு கழிமுகத்தில், கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக்கிடந்த 58 ஏக்கரைச் சீர்செய்து, 2011-ல் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தது தமிழக அரசு. சதுப்பும் அலையாத்தியும் கரையோரக் காடும் அங்கே மீண்டும் வந்தன. மாணவர்கள் நடைபாதையில் போய்ப் பாடம் படித்தார்கள். அந்த வேலையில் துணைநின்றவர்கள், வறண்டு அரித்துப்போன செம்மண்ணில் காடு வளர்த்துக் காட்டிய ஆரோவில்காரர்கள்.

தங்கவயலில் சிக்கல் வேறு. மேட்டில் இன்னும் தங்கம் இருக்கிறது. டன்னுக்கு ஒரு கிராம்கூட இல்லாத அளவுதான். ஆனால் இன்றைய விலையில் அது சும்மா விடக்கூடிய தொகை இல்லை. 2024 ஜூனில், இந்த 13 மேடுகளை மீண்டும் அகழ்ந்து தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊரில் பலருக்கு உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயிலிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர்கள் அப்படி நம்புவதில் தப்பில்லை.

ஆனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மேட்டைக் கரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகும் தூள் தூள்தான். ஆயிரம் கிலோவிலிருந்து ஒரு கிராமுக்கும் குறைவாக எடுத்தால், மீதி எங்கே போகும்? இன்னொரு மேடாகத்தான் போகும். இந்த முறை அது எங்கே நிற்கும், யார் மூடுவார்கள், மேலே என்ன முளைக்கும் என்பதை இப்போதே எழுதி வாங்க வேண்டும்.

எழுதி வாங்கச் சட்டமும் இருக்கிறது. சுரங்கத்தை மூடும்போது நிலத்தை எப்படிச் சீரமைப்பது என்ற திட்டம் கொடுத்தாக வேண்டும் என்று இந்தியாவில் விதி வந்தது 2003 ஏப்ரலில். தங்கவயல் மூடப்பட்டது அதற்கு இரண்டு ஆண்டு முன்னால். 120 ஆண்டு தோண்டியவர்கள் எதையும் மூடாமல் போக முடிந்தது, கொஞ்சம் இந்தக் காலக் கணக்காலும்தான். இரண்டாவது முறை அந்தச் சாக்கு யாருக்கும் கிடையாது.

ஜோத்பூரில் 70 ஹெக்டேருக்கு ஐந்து ஆண்டு பிடித்தது. இங்கே ஆயிரம் ஏக்கரையும் ஒரேயடியாகக் கேட்க வேண்டியதில்லை. ஒரு மேட்டை மூடிப் புல் போர்த்துங்கள், அதை ஒட்டி ஐம்பது ஏக்கர் கரட்டை வேலியிட்டு நடைபாதை போடுங்கள், கல்லின் ஓசை தெரிந்த பெரியவர்களை அதற்கு வழிகாட்டிகளாக வையுங்கள் என்று கேட்டால் போதும். தங்கம் கரைக்கும் ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். முதல் லாரி மேட்டில் ஏறிய பிறகு கேட்டால் யார் காதிலும் விழாது.